குறைந்த ஒளி எண்ணிம ஒளிப்படங்களில் இரைச்சல் குறைப்பு

குறைந்த ஒளியில் இரைச்சல் குறைப்பு என்பது, போதிய வெளிச்சம் இல்லாத சூழலில் எண்ணிம ஒளிப்படக்கருவியால் எடுக்கப்படும் படங்களில் தோன்றும் தேவையற்ற புள்ளிகளையும் நிறத் திட்டுகளையும் கட்டுப்படுத்தும் முறைகளின் தொகுதி ஆகும். இம்முறைகளுள் சில படம் எடுக்கப்படும் கணத்திலேயே கையாளப்படுகின்றன. வேறு சில, எடுத்த படத்தின் மீது கணினியிலோ ஒளிப்படக்கருவியின் உள்ளேயே இருக்கும் செயலியிலோ பின்னர் செயற்படுத்தப்படுகின்றன. இரைச்சலைக் குறைக்கும்போது படத்தின் நுண்விவரங்களும் இழக்கப்படக்கூடும் என்பதால், இரண்டுக்கும் இடையே சமநிலை காண்பதே இத்துறையின் அடிப்படைச் சிக்கலாக உள்ளது.

பெயரும் வரையறையும்

இரைச்சல் என்னும் சொல் ஒலித்தொடர்பான துறைகளில் இருந்து பெறப்பட்டது. வானொலியில் நிலையம் சரியாகக் கிடைக்காதபோது கேட்கும் "உஸ்" என்ற ஒலி, பேச்சுடன் தொடர்பற்றது, ஒழுங்கற்றது. அதுபோலவே ஒரு படத்தில், காட்சியில் இல்லாத ஒளிர்வு மாற்றமும் நிற மாற்றமும் படப்புள்ளிக்குப் படப்புள்ளி சீரற்று ஏற்படும்போது அது பட இரைச்சல் எனப்படுகிறது. காட்சியில் இருந்து வந்த உண்மையான தகவல் குறிகை எனப்படும். ஒரு படம் எவ்வளவு தூய்மையாகத் தோன்றும் என்பதைத் தீர்மானிப்பது இரைச்சலின் தனி அளவன்று; குறிகைக்கும் இரைச்சலுக்கும் இடையிலான விகிதமே ஆகும்.

படச்சுருள் காலத்து ஒளிப்படங்களில் காணப்பட்ட மணித்தன்மை, வெள்ளி உப்புத் துகள்களின் பருமனால் ஏற்பட்டது. கூடுதல் உணர்திறன் கொண்ட சுருள்களில் இத்துகள்கள் பெரியனவாக இருந்தன. எண்ணிம இரைச்சல் தோற்றத்தில் இதனை ஓரளவு ஒத்திருந்தாலும் அதன் காரணங்கள் வேறானவை.

இரைச்சல் தோன்றும் விதம்

எண்ணிம ஒளிப்படக்கருவியின் உணரி, பல இலட்சம் அல்லது பல கோடி நுண்ணிய ஒளியுணர் கலங்களால் ஆனது. வில்லை வழியே வரும் ஒளியணுக்கள் (போட்டான்கள்) இக்கலங்களில் விழும்போது எதிர்மின்னிகள் (இலத்திரன்கள்) விடுவிக்கப்பட்டுச் சேமிக்கப்படுகின்றன. மூடி மூடிய பின்னர், ஒவ்வொரு கலத்திலும் சேர்ந்த மின்னேற்றம் மின்னழுத்தமாக மாற்றப்பட்டு, பெருக்கப்பட்டு, எண்ணாகப் பதியப்படுகிறது. இப்பாதையின் ஒவ்வொரு கட்டத்திலும் இரைச்சல் சேர்கிறது.

ஒளியணு இரைச்சல்

ஒளி ஒரு சீரான நீரோட்டம் போல வருவதில்லை. மழைத்துளிகளைப் போலத் தனித்தனி அணுக்களாக வருகிறது. மழையில் ஒரே அளவுள்ள பல கிண்ணங்களை வரிசையாக வைத்தால், எல்லாக் கிண்ணங்களிலும் ஒரே எண்ணிக்கையில் துளிகள் விழுவதில்லை. அவ்வாறே சீராக ஒளியூட்டப்பட்ட வெண்சுவரைப் படம் எடுத்தாலும் அருகருகே உள்ள இரு கலங்கள் ஒரே எண்ணிக்கையில் ஒளியணுக்களைப் பெறுவதில்லை. இந்த ஏற்ற இறக்கம் ஒளியணு இரைச்சல் எனப்படும். மின்னோட்டத்தில் இதனையொத்த விளைவை வால்ட்டர் சாட்கி 1918 ஆம் ஆண்டு விளக்கினார்.

ஒளியணுக்களின் வருகை பாய்சான் பரவலைப் பின்பற்றுகிறது. இதன்படி, சராசரியாக 10,000 ஒளியணுக்கள் பதிவாகும் ஒரு கலத்தில் ஏற்ற இறக்கத்தின் அளவு (திட்ட விலக்கம்) அதன் வர்க்கமூலமான 100 ஆகும். அதாவது குறிகை-இரைச்சல் விகிதம் 100. இதே கலத்தில் 100 ஒளியணுக்கள் மட்டுமே பதிவானால் ஏற்ற இறக்கம் 10, விகிதமும் 10. ஒளி குறையும்போது இரைச்சலின் தனி அளவு உண்மையில் குறைகிறது. ஆனால் குறிகை அதனை விட விரைவாகக் குறைந்துவிடுவதால் படம் மோசமாகத் தோன்றுகிறது. படத்தின் இருண்ட பகுதிகளில் இரைச்சல் முதலில் புலப்படுவதற்கும் இதுவே காரணம்.

இந்த இரைச்சல் ஒளியின் இயல்பில் இருந்தே எழுவது. குறையே இல்லாத உணரி ஒன்றை உருவாக்கினாலும் இதனை நீக்க இயலாது. கூடுதல் ஒளியணுக்களைச் சேர்ப்பது ஒன்றே இதன் விகிதத்தைக் குறைக்கும் வழி.

வாசிப்பு இரைச்சல்

சேர்ந்த மின்னேற்றத்தை அளந்து எண்ணாக மாற்றும்போது மின்சுற்றுகள் சேர்க்கும் பிழை வாசிப்பு இரைச்சல் ஆகும். கடத்திகளில் வெப்பத்தால் எதிர்மின்னிகள் அலைவதன் விளைவாக எழும் இரைச்சல் இதன் ஒரு கூறு. இவ்வெப்ப இரைச்சலை ஜான் ஜான்சன் சோதனை மூலம் அளந்ததும், ஹாரி நைக்விஸ்ட் கணித அடிப்படையில் விளக்கியதும் 1928 ஆம் ஆண்டில் வெளியாயின. வாசிப்பு இரைச்சல் ஒளியின் அளவைச் சார்ந்ததன்று. எனவே பகல் வெளிச்சத்தில் புறக்கணிக்கத்தக்கதாக இருக்கும் இது, சில பத்து எதிர்மின்னிகளே சேரும் இருண்ட பகுதிகளில் கணிசமானதாகிறது. தற்கால உணரிகள் பலவற்றில் இது ஒரு சில எதிர்மின்னிகள் என்னும் அளவுக்குக் குறைக்கப்பட்டுள்ளது.

இருள் மின்னோட்டம்

ஒளியே படாதபோதும் உணரியின் வெப்பத்தால் சில எதிர்மின்னிகள் தாமாக விடுபட்டுச் சேர்கின்றன. இது இருள் மின்னோட்டம் எனப்படும். ஒளிபடு நேரம் கூடக்கூட இதுவும் கூடுகிறது. வெப்பநிலை ஏறத்தாழ 6 முதல் 8 பாகை செல்சியசு உயரும்போது இது இரு மடங்காவது வழக்கம். நொடியின் சிறு பகுதியில் எடுக்கப்படும் படங்களில் இதன் பங்கு சிறிது. பல நிமிடங்கள் நீளும் இரவு வானப் படங்களில் இதுவே பெரும் தொல்லையாகலாம். வானியல் ஆய்வகங்களில் உணரிகளை நீர்ம நைட்ரசனைக் கொண்டு சுழியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 100 பாகை செல்சியசு வரை குளிர்விப்பது இதனைத் தவிர்ப்பதற்கே ஆகும்.

நிலைத்த வடிவ இரைச்சல்

எல்லாக் கலங்களும் முற்றிலும் ஒரே மாதிரியாக உருவாக்கப்படுவதில்லை. சில கலங்கள் எப்போதும் சற்றுக் கூடுதலாகவும் சில எப்போதும் சற்றுக் குறைவாகவும் காட்டும். சில, நீண்ட ஒளிபடு நேரத்தில் வெண்ணிற, சிவப்புப் புள்ளிகளாகவே தோன்றும். இவை சூடான படப்புள்ளிகள் எனப்படும். இருண்ட பகுதியை மிகவும் வெளிச்சமாக்கும்போது கிடைக்கோடுகளாகவோ செங்குத்துக் கோடுகளாகவோ பட்டைகள் தோன்றுவதும் உண்டு. படத்துக்குப் படம் மாறாமல் ஒரே இடத்தில் வரும் பிழையைத் தனியே அளந்து கழித்துவிட முடியும். எனினும் ஒழுங்கான பட்டைகளை மனிதக் கண் எளிதில் கண்டுகொள்வதால், சிறிய அளவிலேயே இது சீரற்ற இரைச்சலை விட உறுத்தலாக இருக்கும்.

ஒளிர்வு இரைச்சலும் நிற இரைச்சலும்

பெரும்பாலான உணரிகளில் ஒவ்வொரு கலத்தின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு நிற வடிகட்டி மட்டுமே உள்ளது. கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைசு பேயர் உருவாக்கி 1976 ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற இவ்வமைப்பில் பாதிக் கலங்கள் பச்சைக்கும், கால் பங்கு சிவப்புக்கும், கால் பங்கு நீலத்துக்கும் ஒதுக்கப்படுகின்றன. விடுபட்ட இரு நிறங்களும் அண்டைக் கலங்களில் இருந்து கணிக்கப்படுகின்றன. ஆகவே ஒரு கலத்தின் பிழை அதன் அண்டைப் படப்புள்ளிகளுக்கும் பரவி, தனிப்புள்ளியாக இருந்தது திட்டாக மாறுகிறது.

இவ்வாறு ஏற்படும் இரைச்சல் இரு வகையாகப் பிரித்து நோக்கப்படுகிறது. ஒளிர்வில் மட்டும் ஏற்படும் மாற்றம் ஒளிர்வு இரைச்சல். இது படச்சுருளின் மணித்தன்மையை ஒத்திருப்பதால் பலருக்குப் பெரிதாக உறுத்துவதில்லை. சிவப்பு, பச்சை, ஊதாத் திட்டுகளாகத் தோன்றுவது நிற இரைச்சல். இது இயற்கையான காட்சிகளில் காணப்படாததால் உடனே புலப்படும். மனிதக் கண் நிறத்தின் நுண்விவரங்களைக் காட்டிலும் ஒளிர்வின் நுண்விவரங்களையே நன்கு உணர்கிறது. எனவே நிற இரைச்சலை வலுவாக மழுங்கச் செய்தாலும் படத்தின் கூர்மை அதிகம் குறைவதில்லை. ஒளிர்வு இரைச்சலைக் குறைக்கும்போதே மிகுந்த கவனம் தேவைப்படுகிறது.

மஞ்சள் ஒளி தரும் குமிழ் விளக்கு, மெழுகுவத்தி ஆகியவற்றின் ஒளியில் நீல ஒளி மிகக் குறைவு. வெண்மையைச் சமன்செய்வதற்காக நீலத் தடம் கூடுதலாகப் பெருக்கப்படுவதால் அத்தடத்தின் இரைச்சலும் உடன் பெருகுகிறது. விளக்கொளிப் படங்களில் நிறத் திட்டுகள் மிகுந்திருப்பதற்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

ஐ.எஸ்.ஓ அளவு பற்றிய தவறான கருத்து

எண்ணிம ஒளிப்படக்கருவிகளின் வேகத்தைக் குறிக்கும் முறை ஐ.எஸ்.ஓ 12232 என்னும் சீர்தரத்தால் வரையறுக்கப்படுகிறது. இதன் முதற் பதிப்பு 1998 ஆம் ஆண்டு வெளியானது. ஐ.எஸ்.ஓ அளவைக் கூட்டினால் இரைச்சல் உண்டாகிறது என்பது பரவலாக நிலவும் கருத்து. இது முழுமையான விளக்கமன்று. பெரும்பாலான கருவிகளில் ஐ.எஸ்.ஓ அளவைக் கூட்டுவது, சேர்ந்த குறிகையை வாசிக்கும்போது கூடுதலாகப் பெருக்குவதையே குறிக்கும். உணரி பெறும் ஒளியணுக்களின் எண்ணிக்கையை அது மாற்றுவதில்லை. ஐ.எஸ்.ஓ அளவு உயர்ந்திருக்கும்போது கருவி குறைந்த ஒளியைக் கொண்டே படத்தைப் பதிவு செய்கிறது. அந்த ஒளிக் குறைவே இரைச்சலுக்குக் காரணம்.

எடுத்துக்காட்டாக, ஐ.எஸ்.ஓ 100 இல் ஒரு கலம் நிரம்ப 50,000 எதிர்மின்னிகள் தேவை எனக் கொள்வோம். ஐ.எஸ்.ஓ 3200 இல் இதில் 32 இல் ஒரு பங்கான ஏறத்தாழ 1,560 எதிர்மின்னிகளிலேயே அப்புள்ளி முழு வெண்மையாகிவிடும். முதல் நிலையில் குறிகை-இரைச்சல் விகிதம் ஏறத்தாழ 224. இரண்டாம் நிலையில் ஏறத்தாழ 40. அதே படத்தில், வெண்பகுதியை விட 32 மடங்கு இருண்ட நிழற்பகுதியில் சேர்வது ஏறத்தாழ 49 எதிர்மின்னிகளே. வாசிப்பு இரைச்சலை 3 எதிர்மின்னிகள் எனக் கொண்டால் விகிதம் ஏறத்தாழ 6.4 ஆகிறது. இந்நிலையில் துணியின் இழையும் கூந்தலின் இழையும் இரைச்சலில் மூழ்கத் தொடங்கும்.

இதிலிருந்து பெறப்படும் நடைமுறை முடிவு முக்கியமானது. இரைச்சலுக்கு அஞ்சி ஐ.எஸ்.ஓ அளவைத் தாழ்த்தி, திறப்பையும் நேரத்தையும் மாற்றாமல் இருண்ட படமாக எடுத்து, பின்னர் கணினியில் வெளிச்சமாக்குவதால் பயன் இல்லை. ஒளி அதே அளவாகவே இருப்பதுடன், பல கருவிகளில் பெருக்கத்துக்குப் பின்னர் சேரும் மின்சுற்று இரைச்சலும் கூடுதலாகத் தெரியும். கையசைவால் மங்கிய படத்தைச் சீர்செய்வது மிகக் கடினம். இரைச்சல் உள்ள கூர்மையான படத்தைச் சீர்செய்வது அதனை விட எளிது.

படம் எடுக்கும்போதே குறைத்தல்

இரைச்சலைக் குறைக்கும் வழிகளுள் நம்பத்தக்கது, உணரிக்குச் செல்லும் ஒளியைக் கூட்டுவதே ஆகும். இதற்குப் பின்வரும் வழிகள் உள்ளன.

வில்லையின் திறப்பு: எப்/2.8 திறப்பை விட எப்/1.4 திறப்பு நான்கு மடங்கு ஒளியை உட்செலுத்துகிறது. இதனால் ஒளியணு இரைச்சலின் விகிதம் பாதியாகிறது. ஆனால் குவிய ஆழம் குறைவதால், ஒரு முகத்தின் கண் தெளிவாகவும் காது மங்கலாகவும் அமையக்கூடும்.

ஒளிபடு நேரம்: 1/60 நொடிக்கு மாற்றாக 1/15 நொடி பயன்படுத்தினாலும் நான்கு மடங்கு ஒளி கிடைக்கும். இதற்கு முக்காலி அல்லது அதிர்வு தடுப்பு வசதி வேண்டும். அதிர்வு தடுப்பு, கருவியின் அசைவை மட்டுமே ஈடுசெய்யும். ஓடும் குழந்தையின் அசைவை அது நிறுத்துவதில்லை.

செயற்கை ஒளி: பிளாஷ் விளக்கை நேரே பாய்ச்சாமல் வெண்ணிறக் கூரையிலோ சுவரிலோ பட்டுத் தெறிக்கச் செய்தால் மென்மையான ஒளி கிடைக்கும். ஒரு மேசை விளக்கை அருகே நகர்த்துவதும், ஆளைச் சாளரத்தின் அருகே அமரச் செய்வதும் கூடப் பெரும் வேறுபாட்டை ஏற்படுத்தும்.

வலப்புற ஒளிப்பதிவு: வெண்பகுதிகள் அழிந்துவிடாத எல்லை வரை கூடுதல் ஒளியுடன் படத்தை எடுத்து, பின்னர் கணினியில் தேவையான அளவுக்கு இருளாக்கும் முறை இது. ஒளிர்வுப் பரவல் வரைபடம் வலப்புறம் நகர்வதால் இப்பெயர் ஏற்பட்டது. மைக்கேல் ரைக்மன் 2003 ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை மூலம் இம்முறை பரவலாக அறியப்பட்டது. கூடுதல் ஒளியை உண்மையாகவே சேர்க்கும்போது மட்டுமே இதனால் பயன் உண்டு, ஐ.எஸ்.ஓ அளவை உயர்த்தி வரைபடத்தை நகர்த்துவதால் ஒளியணுக்களின் எண்ணிக்கை கூடுவதில்லை.

மூலக்கோப்பு: ஜேப்பெக் வடிவம் ஒரு தடத்துக்கு 8 பிட்டுகளை மட்டுமே கொண்டது. மேலும் கருவியே இரைச்சலைக் குறைத்து, கூர்மையாக்கி, சுருக்கிச் சேமித்துவிடுகிறது. 12 அல்லது 14 பிட்டுகள் கொண்ட ரா வகை மூலக்கோப்பில் உணரியின் அளவீடுகள் பெருமளவு மாறாமல் இருப்பதால் பின்னர் செய்யும் குறைப்பு சிறப்பாக அமையும்.

உணரியின் பரப்பும் முதன்மையானது. முழுச்சட்ட உணரி ஒன்றின் பரப்பு 36 × 24 மில்லிமீட்டர், அதாவது 864 சதுர மில்லிமீட்டர். சிறிய கையடக்கக் கருவிகளிலும் பல செல்லிடத் தொலைபேசிகளிலும் பயன்பட்ட சிறு உணரிகளின் பரப்பு ஏறத்தாழ 25 சதுர மில்லிமீட்டர். ஒரே காட்சியை ஒரே எப் எண்ணிலும் ஒரே நேரத்திலும் எடுத்தால், பெரிய உணரி மொத்தமாக ஏறத்தாழ 35 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. முழுப் படத்தையும் ஒரே அளவில் அச்சிட்டு நோக்கினால் இது ஏறத்தாழ 6 மடங்கு சிறந்த குறிகை-இரைச்சல் விகிதத்தைத் தருகிறது.

இருட்படம் கழித்தல்

நீண்ட ஒளிபடு நேரத்தில் எடுத்த படத்துக்குப் பின்னர், மூடியைத் திறக்காமலேயே அதே கால அளவுக்கு மற்றொரு படம் எடுக்கப்படுகிறது. இது இருட்படம் எனப்படும். சூடான படப்புள்ளிகளும் இருள் மின்னோட்டத்தின் சராசரி அளவும் இரு படங்களிலும் ஒரே இடத்தில் இருப்பதால், முதற்படத்தில் இருந்து இதனைக் கழித்தால் அவை நீங்கிவிடும். பல கருவிகளில் உள்ள "நீண்ட ஒளிபடு நேர இரைச்சல் குறைப்பு" என்னும் தெரிவு இதனையே செய்கிறது. இரண்டு நிமிடப் படத்துக்குப் பின்னர் கருவி மேலும் இரண்டு நிமிடங்கள் செயற்படாமல் இருப்பது போலத் தோன்றுவதும் இதனாலேயே.

கழித்தலால் சீரற்ற இரைச்சல் நீங்குவதில்லை; இருட்படத்தின் சொந்த இரைச்சலும் இறுதிப் படத்தில் சேர்ந்துவிடுகிறது. ஆதலால் வானியல் ஒளிப்படம் எடுப்போர் பல இருட்படங்களை எடுத்து, அவற்றின் சராசரியைக் கணித்த பின்னரே கழிக்கின்றனர்.

பல படங்களை அடுக்குதல்

ஒரே காட்சியைப் பலமுறை எடுத்துச் சராசரி காணும்போது குறிகை மாறாமல் நிற்கிறது. சீரற்ற இரைச்சல் ஒன்றையொன்று ஈடுசெய்து குறைகிறது. படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப இக்குறைவு அமையும். 4 படங்களால் இரைச்சல் பாதியாகவும், 16 படங்களால் கால் பங்காகவும் குறையும். மேலும் பாதியாக்க வேண்டுமெனில் 64 படங்கள் தேவைப்படும். சராசரிக்கு மாற்றாக இடைநிலை அளவை எடுத்தால், ஓரிரு படங்களில் மட்டும் குறுக்கே வந்த வானூர்தி விளக்கு, செயற்கைக்கோள் தடம் முதலியனவும் நீங்கிவிடும்.

இம்முறையின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு அபிள் ஆழ்புலப் படம் ஆகும். 1995 ஆம் ஆண்டு திசம்பர் 18 முதல் 28 வரை அபிள் விண்வெளித் தொலைநோக்கி, சப்தரிசி மண்டலத்தில் வெறுமையாகத் தோன்றிய ஒரு சிறு பகுதியை நோக்கி எடுத்த 342 படங்களின் தொகுப்பே அது. ஒவ்வொரு தனிப்படத்திலும் இரைச்சலில் மறைந்திருந்த மங்கலான விண்மீன் பேரடைகள், அடுக்கிய பின்னர் வெளிப்பட்டன. ஏறத்தாழ 3,000 பேரடைகள் அதில் காணப்பட்டன.

வாசிப்பு இரைச்சல் ஒவ்வொரு படத்துடனும் ஒருமுறை சேர்வதால், ஒரே மொத்த நேரத்துக்குப் பல குறும்படங்களை விட ஒரே நீண்ட படமே கொள்கை அளவில் சிறந்தது. ஆனால் கையில் பிடித்து எடுக்கும்போது நீண்ட படம் மங்கிவிடும். வாசிப்பு இரைச்சல் குறைந்த உணரிகள் வந்த பின்னர், குறும்படங்களை அடுக்கும் முறை செல்லிடத் தொலைபேசிகளில் நடைமுறைக்கு வந்தது. கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் 2016 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், குறைந்த ஒளியளவில் தொடர்ச்சியாக எடுத்த படங்களை ஒழுங்குபடுத்தி இணைக்கும் முறையை விளக்கினர். அந்நிறுவனம் 2018 ஆம் ஆண்டு தனது பிக்சல் தொலைபேசிகளில் இரவுக் காட்சி வசதியை அளித்தது. அதில் 15 படங்கள் வரை எடுத்து இணைக்கப்பட்டன. கையசைவையும் காட்சியின் அசைவையும் அளந்து ஒவ்வொரு படத்தின் நேரமும் தீர்மானிக்கப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் 2019 ஆம் ஆண்டு ஐபோன் 11 இல் இத்தகைய வசதியைச் சேர்த்தது. இம்முறையில் அசையும் பொருட்கள் இரட்டையாகத் தோன்றாதிருக்க, பொருந்தாத பகுதிகள் இணைப்பில் இருந்து விலக்கப்படுகின்றன. அதனால் அப்பகுதிகளில் மட்டும் இரைச்சல் எஞ்சியிருக்கும்.

கணிமைவழிக் குறைப்பு

ஒரே படம் மட்டுமே உள்ளபோது, அண்டைப் படப்புள்ளிகளில் இருந்து சராசரி காண்பதே அடிப்படை உத்தி. எந்தப் படப்புள்ளிகளைச் சேர்ப்பது, எவற்றை விலக்குவது என்னும் கேள்விக்கு அளிக்கப்பட்ட வெவ்வேறு விடைகளே இத்துறையின் வரலாறு எனலாம்.

எளிய மழுங்கல் வடிகட்டி, சூழவுள்ள எல்லாப் புள்ளிகளையும் சராசரியாக்குகிறது. இரைச்சல் குறைகிறது, விளிம்புகளும் மங்குகின்றன. இடைநிலை வடிகட்டி, சூழவுள்ள மதிப்புகளை வரிசைப்படுத்தி நடு மதிப்பை எடுத்துக்கொள்வதால் தனித்து நிற்கும் வெண்புள்ளிகளையும் கரும்புள்ளிகளையும் நன்கு நீக்கும். சிற்றலை உருமாற்ற அடிப்படையில் சிறிய கெழுக்களைச் சுருக்கி இரைச்சலைக் குறைக்கும் முறையை தோனகோ, ஜான்ஸ்டன் ஆகியோர் 1994 ஆம் ஆண்டு வெளியிட்டனர். 1998 ஆம் ஆண்டு தோமாசி, மண்டூச்சி ஆகியோர் முன்வைத்த இருபக்க வடிகட்டி, இடத்தால் அருகில் இருப்பதுடன் ஒளிர்வாலும் நெருங்கிய புள்ளிகளுக்கே கூடுதல் எடை அளித்தது. இதனால் விளிம்புகள் காக்கப்பட்டன.

2005 ஆம் ஆண்டு புவாதேசு, கோல், மொரேல் ஆகியோர் அண்மை என்னும் நிபந்தனையையே தளர்த்தினர். செங்கற்சுவர், நெய்த துணி, புல்வெளி போன்றவற்றில் ஒரே அமைப்பு படத்தின் பல இடங்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. தொலைவில் இருந்தாலும் ஒத்த தோற்றமுடைய சிறுபகுதிகளைத் தேடி அவற்றைச் சராசரியாக்கும் இம்முறை, ஒரே படத்துக்குள் பல படங்களை அடுக்குவது போன்றது. ஒத்த பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக முப்பரிமாண அடுக்காக்கி, உருமாற்றி, வடிகட்டும் முறையை தபோவ், போய், கத்கோவ்னிக், எகியாசரியன் ஆகியோர் 2007 ஆம் ஆண்டு வெளியிட்டனர். புதிய முறைகளை ஒப்பிட்டு நோக்குவதற்கு அது பல ஆண்டுகள் அளவுகோலாக விளங்கியது.

இம்முறைகளுள் பல, இரைச்சல் படம் முழுவதும் ஒரே அளவானது என்னும் எடுகோளைக் கொண்டவை. ஒளியணு இரைச்சலோ ஒளிர்வுக்கு ஏற்ப மாறுவது. பிராங்க் ஆன்சுகோம் 1948 ஆம் ஆண்டு அளித்த, வர்க்கமூலத்தை அடிப்படையாகக் கொண்ட உருமாற்றம் இவ்வேறுபாட்டைச் சமன்செய்யப் பயன்படுகிறது.

2010களின் நடுப்பகுதிக்குப் பின்னர் செயற்கை நரம்பணு வலையமைப்புகள் இத்துறையில் முன்னிலை பெற்றன. ஒரே காட்சியின் இரைச்சலுள்ள படத்தையும் தூய படத்தையும் இணைகளாகக் கொடுத்து வலையமைப்பு பயிற்றுவிக்கப்படுகிறது. 2018 ஆம் ஆண்டு சென் மற்றும் அவருடைய குழுவினர், மிகக் குறுகிய நேரத்தில் எடுத்த இருண்ட மூலக்கோப்புகளையும் அதே காட்சியின் நீண்ட நேரப் படங்களையும் கொண்டு பயிற்றுவித்த வலையமைப்பை வெளியிட்டனர். கண்ணுக்கு ஏறத்தாழக் கரும்படமாகத் தெரிந்தவற்றில் இருந்து அது நிறத்துடன் கூடிய காட்சிகளை மீட்டது. அடோபி நிறுவனம் 2023 ஆம் ஆண்டு தனது லைட்ரூம் மென்பொருளில் இவ்வகையான இரைச்சல் நீக்கியைச் சேர்த்தது. கட்டற்ற மென்பொருட்களான டார்க்டேபிள், ராதெரப்பி ஆகியவற்றில் சிற்றலை முதலான பழைய முறைகளை விரிவான கட்டுப்பாடுகளுடன் பயன்படுத்தலாம்.

எம்முறையாயினும் வரிசை முக்கியமானது. கூர்மையாக்கல் இரைச்சலையும் கூர்மையாக்கிவிடும் என்பதால், இரைச்சல் குறைப்பை முதலிலும் கூர்மையாக்கலைப் பின்னரும் செய்வதே வழக்கம். படத்தின் அளவைச் சிறிதாக்குவதும் ஒரு வகை இரைச்சல் குறைப்பே. நான்கு படப்புள்ளிகளை ஒன்றாகச் சராசரியாக்கினால் சீரற்ற இரைச்சல் பாதியாகும். திரையில் 100 விழுக்காட்டு உருப்பெருக்கத்தில் மோசமாகத் தோன்றும் படம், அஞ்சலட்டை அளவில் அச்சிடும்போது குறையின்றித் தோன்றுவது இதனாலேயே.

உணரித் தொழில்நுட்பத்தின் வளர்ச்சி

மின்னேற்றப் பிணைப்புக் கருவியை 1969 ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்தில் வில்லர்டு பாயில், ஜார்ஜ் சிமித் ஆகியோர் கண்டுபிடித்தனர். இதற்காக 2009 ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசில் அவர்களுக்குப் பங்கு அளிக்கப்பட்டது. கோடாக் நிறுவனத்தில் சிடீவன் சாசன் 1975 ஆம் ஆண்டு உருவாக்கிய எண்ணிம ஒளிப்படக்கருவி 100 × 100 படப்புள்ளிகளே கொண்டது. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 நொடிகள் ஆயின. கலத்தை வெறுமையாக்கிய உடனும், மின்னேற்றம் சேர்ந்த பின்னரும் இருமுறை அளந்து வேறுபாட்டைக் காணும் முறையை மார்வின் வைட்டும் அவருடைய குழுவினரும் 1974 ஆம் ஆண்டு விளக்கினர். வாசிப்பு இரைச்சலைக் குறைப்பதில் இது ஒரு திருப்புமுனையாக அமைந்தது.

1990களில் எரிக் பாசமும் அவருடைய குழுவினரும் நாசாவின் தாரை உந்துகை ஆய்வகத்தில் ஒவ்வொரு கலத்திலும் பெருக்கி கொண்ட சீமாஸ் உணரியை மேம்படுத்தினர். மின்கம்பிகளைப் பின்புறத்துக்கு மாற்றி, ஒளி தடையின்றி விழச் செய்யும் பின்னொளி அமைப்பு 2009 ஆம் ஆண்டு முதல் நுகர்வோர் கருவிகளில் பரவியது. 2007 ஆம் ஆண்டு அறிமுகமான நிக்கான் டி3 கருவியில் ஐ.எஸ்.ஓ அளவை 25,600 வரை நீட்டிக்க முடிந்தது. 2014 ஆம் ஆண்டு வெளியான சோனி ஆல்பா 7எஸ் கருவியில் இது 409,600 ஆக இருந்தது. தற்கால உணரிகள் தம்மீது விழும் ஒளியணுக்களில் பாதிக்கு மேற்பட்டவற்றைப் பதிவு செய்யவல்லன. ஆகவே இவ்வழியில் இன்னும் பெறக்கூடிய முன்னேற்றம் இரு மடங்குக்குள் அடங்கும். ஒளியணு இரைச்சலின் எல்லை நெருங்கிவிட்டது.

வரம்புகளும் சிக்கல்களும்

மென்பொருள் வழி இரைச்சல் குறைப்பு, எது இரைச்சல், எது விவரம் என்பதை ஊகித்தே செயற்படுகிறது. ஊகம் தவறினால் தோலின் நுண்துளைகள் மறைந்து முகம் மெழுகுப் பொம்மை போலாகும். புல்வெளி பச்சைச் சாயம் பூசியது போலாகும். சில கருவிகளின் உள்ளமைந்த இரைச்சல் நீக்கி, ஓரிரு படப்புள்ளி அளவே உள்ள விண்மீன்களைச் சூடான படப்புள்ளிகள் எனக் கருதி அழித்துவிடுவதும் உண்டு.

பழைய வடிகட்டிகளின் தவறு பெரும்பாலும் இழப்பு என்னும் வகையைச் சேர்ந்தது. மங்கிய இடம் மங்கியதாகவே தெரியும். பயிற்றுவிக்கப்பட்ட வலையமைப்புகளின் தவறு வேறு வகையானது. குறிகை மிகவும் குறைந்த இடத்தில் அவை தாம் முன்பு கண்ட படங்களை ஒத்த விவரத்தை நிரப்புகின்றன. அவ்விவரம் கூர்மையாகவும் இயல்பாகவும் தோன்றுவதால், அது காட்சியில் இருந்து வந்ததா அன்றிக் கணிக்கப்பட்டதா எனப் பார்ப்பவரால் அறிய இயலாது. குடும்ப விழாப் படத்தில் இது பெரிய குறையாகாது. மருத்துவப் படிமம், வானியல் அளவீடு, குற்றப் புலனாய்வு ஆகியவற்றில் இது பாரதூரமான விளைவை உண்டாக்கலாம். ஐக்கிய அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் உள்ள கிங் கவுண்டியின் நீதிமன்றம் ஒன்று, செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் தெளிவாக்கப்பட்ட நிகழ்படத்தைக் கொலை வழக்கு ஒன்றில் சான்றாக ஏற்க 2024 ஆம் ஆண்டு மறுத்தது. அம்முறை உரிய அறிவியல் சமூகத்தால் ஏற்கப்படவில்லை என்பது அதற்கான காரணங்களுள் ஒன்று.

எனவே சான்றாகவோ அளவீட்டுக்காகவோ பயன்படும் படங்களில் மூலக்கோப்பை மாற்றாமல் பாதுகாப்பதும், செய்த மாற்றங்களைப் பதிந்து வைப்பதும் வேண்டப்படுகின்றன. பிற படங்களுக்கும் மூலக்கோப்பைக் காப்பது நன்று. குறைப்பு முறைகள் மேம்படுந்தோறும் பழைய மூலக்கோப்பில் இருந்து சிறந்த படத்தைப் பெற இயலும். ஒருமுறை மழுங்கடித்துச் சேமித்த ஜேப்பெக் கோப்பில் இருந்து இழந்ததை மீட்க இயலாது.

இரைச்சலின் பயன்கள்

இரைச்சல் எப்போதும் நீக்கப்பட வேண்டியதன்று. ஒவ்வொரு உணரியின் கலங்களும் ஒளிக்குத் துலங்குவதில் கொண்டுள்ள மிகச் சிறு வேறுபாடுகள், கைரேகை போல அந்தக் கருவிக்கே உரியவை. இவ்வடிவத்தைக் கொண்டு ஒரு படம் எந்தக் கருவியால் எடுக்கப்பட்டது எனக் கண்டறியும் முறையை லூக்காசு, பிரிட்ரிச், கோல்ஜன் ஆகியோர் 2006 ஆம் ஆண்டு விளக்கினர். இதில் இரைச்சல் நீக்கி தலைகீழாகப் பயன்படுகிறது: தூய படத்தை மூலப் படத்தில் இருந்து கழித்து, எஞ்சும் இரைச்சலே ஆராயப்படுகிறது.

மிகவும் மழமழப்பான படத்தில் சிறிதளவு ஒளிர்வு இரைச்சலை மீண்டும் சேர்ப்பதும் வழக்கில் உள்ளது. வானம் போன்ற சீரான பகுதிகளில் நிறம் படிப்படியாக மாறுமிடத்தில் தோன்றும் பட்டைகளை இது மறைக்கிறது. அச்சில் இது படத்துக்கு இயல்பான தோற்றத்தையும் அளிக்கிறது.

இவற்றையும் பார்க்கவும்

எண்ணிம ஒளிப்படவியல்
எண்ணிமப் படிமச் செயலாக்கம்
மின்னேற்றப் பிணைப்புக் கருவி
பாய்சான் பரவல்
வானியல் ஒளிப்படவியல்